பாட்டு அறுபடாத பெட்டி

உக்காருங்க அம்மிணி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு காலு ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. பெங்களூர்ல இருந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்தீங்களா? நாலு பேரு சேந்து பாட்டுக் கேக்கறதுக்கு என்னென்ன சாமான் செய்யலாம்னு படிக்கறதுக்குக் கூட ஒரு காலேஜ் இருக்குதாட்ட இருக்குது. நல்லாத்தான் இருக்குது போங்க. நாங்க படிக்கறப்ப பாட்டுக் கேட்டா உருப்பட மாட்டேன்னு ரேடியோவத் தூக்கி பீரோவுக்கு மேல வெச்சிருவாங்க.

பெட்டியக் காட்டறேன். ஆனா விக்கறதில்லீங்க. ஏன் நிறுத்துனீங்கன்னு போன்லயே கேட்டீங்க, நேர்ல வாங்க சொல்றேன்னேன். போன்ல சொல்ற சங்கதி இல்லீங்க அது. எழுதிக்கறதா இருந்தா எழுதிக்குங்க. எனக்கு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எதையும் நேருக்கு நேர் பேசற ஆளு நானு.

என்ற பேரு கனகராஜ். இந்தக் கணபதி ஏரியாவுல பேனல் கனகராஜ்னு கேட்டா பட்டறையக் காட்டுவாங்க. முப்பத்தொரு வருசமா போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யறனுங்க. தோட்டம் ஒரு ஊர்ல இருக்கும், தோட்டக்காரர் இன்னொரு ஊர்ல இருப்பாரு. போன் போட்டா மோட்டாரு ஓடும், மறுபடி போட்டா நிக்கும். பெட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்குது, அவ்வளவுதான். அந்த வேலை தெரிஞ்சதனாலதான் பாட்டுப் பெட்டி செய்ய முடிஞ்சுது.

எங்களுக்கு ஒரே பொண்ணு, தாரணி. அவளும் அவங்கம்மா சாந்தாமணியும் காலைல சமையக்கட்டுல பாட்டுப் போட்டுட்டுத்தான் வேலையே செய்வாங்க. ஒருத்தி ஒரு அடி பாடுனா இன்னொருத்தி அடுத்த அடி பாடுவா. இட்லி வெந்துதா இல்லியான்னு கூடத் தெரியாது, பாட்டு மட்டும் நிக்காது. நான் கத்துவேன். அதையும் பாட்டுல சேத்துப் பாடிச் சிரிப்பாங்க.

பொண்ண நாமக்கல் பக்கம் குடுத்தமுங்க. மாப்பிள்ளை கௌரிசங்கர். கோழிப்பண்ணை, சொந்த ஊடு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அவ போனதுக்கப்புறம் ஊட்டுல பாட்டே இல்லீங்க. ஏன் போடறதில்லைன்னு கேட்டேன். "தனியாக் கேட்டா அது பாட்டாவே தெரியலீங்க"ன்னா சாந்தாமணி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானுங்க நாலு மாசம் உக்காந்து இதைச் செஞ்சேன்.

இந்தாங்க, கைல எடுத்துப் பாருங்க. வேப்ப மரம். மேல ஒரு குழி இருக்குதில்ல, அதுல இந்த வில்லைய வெக்கோணும். ஒரு வில்லைக்கு ஒரு பாட்டு. இங்க வெச்சா இங்கயும் பாடும், அந்த ஊட்டுலயும் ஒட்டுக்கா பாடும். எடுத்தா ரெண்டு பக்கமும் நிக்கும். சுச்சு கிடையாது, திரை கிடையாது, படிக்கத் தெரியோணும்னு இல்ல. வில்லை மேல இருக்கற படமெல்லாம் தாரணி நகப்பூச்சுல வரைஞ்சது. சேவல், மூக்குத்தி, முறுக்கு. இது குடை. மழைப் பாட்டு ஒண்ணு, அம்மாளுக்கும் பொண்ணுக்கும் அதுதான் உசுரு. நாலே முக்கால் நிமிசம் பாடும்.

பெட்டியக் கொண்டுபோய்க் குடுத்தப்ப மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுல பேச முடியுங்களா மாமா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்க மாப்பிள்ளை, மைக்கே வெக்கல. பாட்டு மட்டுந்தான்"னேன். "அப்ப வெச்சுக்கட்டும்"னாரு. எவ்வளவு பொறுப்பா விசாரிக்கறாரு பாருன்னு ஊட்டுக்கு வந்து சொன்னேன். தாரணி போனக் கூட அவருதான் வெச்சிருந்து பாத்துப் பாத்துக் குடுப்பாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் சேந்து பேசுவோம். அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதுங்க. ஒளிவு மறைவு இல்லாத குடும்பம்னு நெனச்சேன்.

பாத்தவங்கல்லாம் எனக்கும் ஒரு ஜோடி குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நாப்பத்திரண்டு ஜோடி போச்சுங்க. திருப்பூர்ல ரெண்டு சகலைங்க, ஆறு வருசமாப் பேச்சு வார்த்தை கெடையாது. அவங்க சம்சாரங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி இல்லியா, கமுக்கமா ஒரு ஜோடி வாங்கிட்டுப் போனாங்க. இவரு ஒரு பாட்டு வெப்பாராம். அவரு "இதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு தன்ற வில்லையத் தூக்கி வெப்பாராம். பாட்டுலயே சண்டை. சண்டை போட்டுப் போட்டு, கடைசில ஒரே கார்ல பழனிக்குப் போயிட்டு வந்து எனக்குப் பஞ்சாமிர்தம் குடுத்தாங்க. எனக்குத் தலகால் புரியலீங்க. ஸ்டார்ட்டர் பெட்டி செஞ்சு குடுத்ததுக்கு யாரு பஞ்சாமிர்தம் குடுத்திருக்காங்க சொல்லுங்க.

ஒரே ஒரு புகார் மட்டும் வந்துட்டே இருந்துது. பாட்டு பாதியில அறுபடுதுன்னு. உடுமலை வாத்தியார் ஒருத்தரு, அந்தப் பக்கம் பேரன் வில்லைய எடுத்து எடுத்து வெளையாடறான், இந்தப் பக்கம் நான் பாட்டே முழுசாக் கேட்டதில்லைன்னு தெனமும் போன் போடுவாரு. சரின்னு கம்ப்யூட்டர்ல பாத்தேன். எந்தப் பெட்டில எந்த வில்லைய எப்ப வெச்சாங்க, எப்ப எடுத்தாங்கன்னு எல்லாம் இங்க வந்து பதிவாகும். பாத்தா, எங்க பெட்டிதாங்க எல்லாத்தையும் விட மோசம். தாரணி பக்கத்துல இருந்து வாரத்துல மூணு நாளு, நாலு நாளு அறுபடுது. அதுவும் அந்தக் குடை வில்லை மட்டும். வெக்கறது, ஒரு நிமிசத்துல எடுக்கறது.

சாந்தாமணியக் கேட்டேன். "கை பட்டிருக்கும்"னா. தெனமும் ஒரே வில்லைல கை படுமான்னேன். "எனக்கென்னங்க தெரியும்"னு பொரியலக் கிண்டப் போயிட்டா.

இன்னொண்ணும் அப்ப எனக்குப் பெரிய எரிச்சலா இருந்துது. இவ நெனச்ச நேரத்துக்கு மாப்பிள்ளைக்குப் போன் போடுவா. பொண்ணுக்கு இல்லீங்க, மாப்பிள்ளைக்கு. "மாப்பிள்ளை, இன்னைக்கு முட்டை என்ன வெலைங்க?"ன்னு கேப்பா. இல்லாட்டி, "கோழிக்குழம்புக்குக் கசகசா போடுவாங்களா உங்க பக்கம்?"னு கேப்பா. நாமக்கல் முட்டை வெலையத்தான் தெனமும் டிவியில சொல்றானே, அதுக்கு ஒரு மனுசனத் தொந்தரவு பண்ணுவாங்களா? அவரு என்னடான்னா பாவம், மாமியாருக்குத் தேனா பதில் சொல்லுவாரு. மானத்த வாங்காதடின்னு நாலு தடவ திட்டியிருக்கறேன். கேட்டுக்குவா. அடுத்த நாளு மறுபடி போன் போடுவா.

பாட்டு அறுபட்ட நேரத்தையும் இவ போன் போட்ட நேரத்தையும் நான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலீங்க. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல.

அந்தக் கோளாற எப்படிச் சரி பண்ணினேன்னு கேளுங்க. இது உங்க படிப்புக்கு வேணும். ஸ்டார்ட்டர் பெட்டியில கரண்ட் வந்து வந்து போச்சுன்னா உள்ள கான்டாக்ட் தடதடன்னு அடிச்சுக்கும். அப்படியே உட்டா காயில் பொகஞ்சு போயிரும். அதனால ஒரு டைமர் வெப்போம். கொஞ்ச நேரத்துக்கு வர்றதையும் போறதையும் கண்டுக்காதேன்னு பெட்டிக்குச் சொல்லிர்றது. மோட்டாரு அதுபாட்டுக்கு நிம்மதியா ஓடும். முப்பத்தொரு வருசமா எங்கைல ஊறுன வேலை அது. பாட்டுப் பெட்டிக்கும் அதையே செஞ்சேன். வில்லைய எடுத்தா எடுத்தவங்க ஊட்டுல மட்டும் பாட்டு நிக்கும். அந்தப் பக்கம் கேக்கறவங்களுக்கு முடியற வரைக்கும் நிக்காது. நடுவுல பத்து தடவ எடுத்து வெச்சாலும் கண்டுக்காது. ஒருத்தரு கை தவறுனதுக்கு இன்னொருத்தரு பாட்ட எழக்கோணுமா? இப்ப நெனச்சாலும் நல்ல ரோசனைதானுங்களே அது?

இங்கிருந்தே சிம் வழியா நாப்பத்து மூணு ஜோடிக்கும் ஒரே நாள்ல மாத்திட்டேன். பெட்டியத் தொடவே வேண்டியதில்ல. ஆனி மாசம் பாதி தாண்டியிருந்துது. உடுமலை வாத்தியார் சந்தோசத்துல அழுதுட்டாரு. ஊட்டுல சொல்லல. தானாக் கண்டுபிடிச்சு ஆச்சரியப்படட்டும்னு உட்டுட்டேன்.

அப்புறம் பாத்தா, சாந்தாமணி மாப்பிள்ளைக்குப் போன் போடறதையும் நிறுத்திட்டா. ஒரு நாளு, ரெண்டு நாளு, ஒரு வாரம். முட்டை வெலையும் கேக்கல, கசகசாவும் கேக்கல. ஒருவழியாப் புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன். மொகம் கூடத் தெளிஞ்சிருந்துது. ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்துக்குவா முன்னெல்லாம். அந்த வாரம் அசந்து தூங்குனா.

நடுவுல ஞாயித்துக்கிழமை வந்துது. வழக்கம்போல ஸ்பீக்கர் போட்டுப் பேசினோம். மாப்பிள்ளை ஆடிக்கு எப்ப வரலாம்னு கேட்டாரு, நான் சொன்னேன். கடைசில தாரணி, "அம்மா, நீ பாட்டுக் கேக்கறியா?"ன்னா. "கேக்கறேன் கண்ணு, தெனமும் முழுசாக் கேக்கறேன்"னா இவ. தாரணி திரும்பவும், "முழுசாவாம்மா?"ன்னா. "ஆமாஞ்சாமி, முழுசா"ன்னா இவ. என்ன இருந்தாலும் என்ற பெட்டி அம்மாளையும் பொண்ணையும் சேத்து வெச்சிருக்குதுன்னு பூரிச்சுப் போனனுங்க நானு. கேட்டுட்டுப் பூரிச்சுப் போனேன். என்னச் செருப்பால அடிக்கோணும்.

புதன்கிழமை நடந்துது. மூக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்னு பதினோரு மணி சுமாருக்கு ஊட்டுக்குப் போனேன். ஊடு இதா, பட்டறைக்குப் பின்னாலதான். சாந்தாமணி கீழ உக்காந்து பீன்ஸ் அரிஞ்சுட்டு இருந்தா. பெட்டில குடைப் பாட்டு ஆரம்பிச்சுது. நானும் சேர்ல உக்காந்தேன். கல்யாணம் ஆகி இருபத்தொம்பது வருசத்துல அவகூட உக்காந்து ஒரு பாட்டு முழுசாக் கேட்டது அன்னைக்குத்தானுங்க. அவ அரியறத நிறுத்திட்டு மூச்சப் பிடிச்சுட்டுக் கேட்டா. எதுக்கோ காத்துட்டு இருக்கறவளாட்ட இருந்தா. பாட்டு முடிஞ்சுது. உடனே மறுபடி அதே பாட்டு ஆரம்பிச்சுது. அதுவும் முழுசா. "ரெண்டு தடவ கேக்கறாளுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. கண்ணுல தண்ணி. "நல்லா இருக்கறாளுங்க"ன்னா.

நான் வாயெடுத்தனுங்க. இனிமே பாட்டு அறுபடவே அறுபடாது, நான் சரி பண்ணிட்டேன்னு சொல்றதுக்கு வாயெடுத்துட்டேன். அதுக்குள்ள பட்டறையில இருந்து போன், லோடு ஏத்த வண்டி வந்துருச்சுன்னு. கண்ணாடிய எடுத்துட்டு ஓடியாந்துட்டேன். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு.

சாயங்காலம் நாமக்கல்ல இருந்து பக்கத்து ஊட்டு அம்மா கூப்பிட்டாங்க. தாரணிய ஆஸ்பத்திரில சேத்திருக்கறாங்கன்னு.

காதுல அறைஞ்சிருக்கறான் அம்மிணி. ஒரு அறை இல்ல. எடது பக்கமாப் பாத்துப் பாத்து. மொகம் வீங்கி, காதுல பஞ்சு வெச்சு, என்ற பொண்ணுன்னு எனக்கே அடையாளம் தெரியல. சாந்தாமணி அழுவான்னு பாத்தேன், அழல. கட்டில்ல கைய ஊனிக் குனிஞ்சு மொதல் கேள்வியா என்ன கேட்டா தெரியுமுங்களா? "ஏங்கண்ணு வில்லைய எடுக்கல?"ன்னு கேட்டா.

"எடுத்தேம்மா. ஏழு தடவ எடுத்தேன். நீ கூப்பிடவே இல்ல. பத்து நாளா நீ கூப்பிடவே இல்லியேம்மா."

எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. ஆனா வாய் சும்மா இருந்துதா? "அது நின்னிருக்காதும்மா, அதை நான் சரி பண்ணிட்டனே"ன்னேன். சொல்லிட்டேன். ரெண்டு பேரும் திரும்பி என்னப் பாத்தாங்க. அந்தப் பார்வைய நீங்க நோட்டுல எழுத முடியாதுங்க.

அப்புறம் கார்ல வரும்போதுதான் சாந்தாமணி சொன்னா. எங்கிட்டச் சொல்லல, ரோட்டப் பாத்துச் சொன்னா. அவன் கைய ஓங்கற மாதிரி தெரிஞ்சா தாரணி சமையக்கட்டுக்குப் போயி குடை வில்லைய வெப்பா, பாதியில எடுப்பா. பாட்டுக் கேக்கறான்னு அவன் நெனச்சுக்குவான். இங்க பாட்டு அறுபட்ட உடனே இவ அவனுக்குப் போன் போடுவா. மாமியார் கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியுமா? எடுப்பான், குரல மாத்துவான், முட்டை வெலை சொல்லுவான். பேசி முடிக்கறதுக்குள்ள கோவம் கொஞ்சம் எறங்கிரும். எட்டு மாசமா அப்படித்தான் அவ உசுரக் காப்பாத்தியிருக்கறாங்க. மூணு தடவ அறுபட்டா உடனே வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தமாம். இல்லாட்டி ஆடிக்குக் கூட்டியாந்து, திருப்பி அனுப்பறதே இல்லைன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. ஆடி பொறக்க நாலு நாளு இருந்துதுங்க. நாலே நாளு.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? நீங்களே சொல்லுங்க. பெத்த அப்பனுக்குத் தெரியாம ரெண்டு பேரும் ஒரு வழி வெச்சிருந்தா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? அதைக் கேட்டேன். "சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எங்களுக்குத் தெரியுமுங்க"ன்னா.

அவ சொல்லிக் காட்டுனது தீபாவளி சங்கதி. தாரணி வந்திருந்தப்ப, "அப்பா, நான் கொஞ்ச நாளு இங்கயே இருந்துக்கறேன்"னா. என்ன காரணம்னு கேட்டா தலயக் குனிஞ்சுட்டா. நான் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். எதா இருந்தாலும் நேருக்கு நேர் பேசித் தீத்துக்குங்கன்னேன். அவரு, "ஒண்ணுமில்லீங்க மாமா, சின்னப் புள்ளைத்தனம்"னாரு. அவளும் ஆமான்னா. நானே கார்ல கொண்டுபோய் உட்டுட்டு, காபி குடிச்சுட்டு வந்தேன். அவ வாசல்ல நின்னு கைகூட ஆட்டல. களைப்பா இருக்கும்னு நெனச்சேன். நேர்மையாப் பேசறதுல என்னங்க தப்பு? ஆனா ஒண்ணு மட்டும் நெஞ்ச அடைக்குது. ஸ்பீக்கர்ல கேட்டேனே தவிர, தனியாக் கூட்டிட்டுப் போயி ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவ மரப்பெட்டியக் கூட நம்புனா. என்ன நம்பல.

எடது காது போச்சுங்க. ஜவ்வு மட்டும் இல்ல, உள்ளயும் போச்சுன்னாரு டாக்டர். அவன் மேல கேஸ் நடந்துட்டு இருக்குது. நடக்கட்டும். பதிவுல எல்லாம் இருக்குது. பதினொண்ணு பத்துக்கு வெச்சது, எடுத்தது, வெச்சது, எடுத்தது. ஏழாவது தடவ எடுத்தது பதினொண்ணு பதினேழுக்கு. வக்கீலுக்குப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். நான் வெச்ச டைமர் அந்த ஏழு தடவையும் துளிகூடப் பெசகாம வேலை செஞ்சிருக்குது. பெட்டியில ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அதுதானுங்க என்னத் தூங்க உடறதில்ல.

அடுத்த நாளே எல்லாப் பெட்டியிலயும் பழையபடி மாத்திட்டேன். எடுத்தா நிக்கும். புதுசா யாருக்கும் குடுக்கறதில்ல. உடுமலை வாத்தியார் ஏன்யா மறுபடி அறுபடுதுன்னு கத்தறாரு. அறுபட்டா உடனே பேரன் ஊட்டுக்குப் போன் போடுங்க சார், முட்டை வெலையாவது கேளுங்கன்னேன். கிறுக்கன்னு சொல்லிப் போன வெச்சுட்டாரு.

இப்ப தாரணி இங்கதான் இருக்கறா. ஒரு பெட்டி சமையக்கட்டுல, இன்னொண்ணு அவ ரூம்ல. ஒரே ஊட்டுக்குள்ளயே அம்மாளும் பொண்ணும் வெச்சுக் கேக்கறாங்க. அவ வலது காத பெட்டிப் பக்கம் திருப்பி வெச்சுக்குவா. எங்கிட்டக் கோவமாப் பேசறதெல்லாம் இல்லீங்க. சாப்பாடு வெக்கறா, சட்டைய மடிச்சு வெக்கறா. பேச்சுத்தான் இல்ல.

கேக்குதுங்களா? காதக் குடுத்துக் கேளுங்க. அதான், குடைப் பாட்டு. இப்பத்தான் வெச்சிருக்கறாங்க. பெட்டி ஓடறதப் பாக்கோணும்னு சொன்னீங்கல்ல, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கறீங்க. அந்த நடையில நேராப் போனா மூணு படி, மேல கதவு தொறந்துதான் இருக்கும்.

இல்லீங்க, நான் வரல. நீங்க மட்டும் போங்க. என்ற செருப்புச் சத்தம் அந்த மொதல் படியில கேட்டாப் போதும், வில்லைய எடுத்துருவா. டக்குனு நின்னுரும். ஒரு தடவ கூடத் தப்புனதில்ல. காலேஜ்ல இருந்து வந்தேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லுங்க. நான் அனுப்புனேன்னு சொல்ல வேண்டாம். இன்னும் நாலு நிமிசம் இருக்குது பாட்டு. நான் இப்படியே கீழ நின்னுக்கறேன் அம்மிணி. முழுசாக் கேக்கட்டும்.